கசப்பை ஆய்ந்த அறிஞர்

நுழையும்முன்

குருதியில் மிகுந்தால் நாம் அஞ்சும் கொலஸ்ட்ராலிலிருந்துதான், உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் உண்டாகின்றன. இன்று இது எளிய பாடம். நூறாண்டுகளுக்கு முன்போ அவிழாத முடிச்சு. அதனை அவிழ்க்க இருபது ஆண்டுகள் உழைத்த வேதியியல் அறிஞர் ஒருவர், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதனினும் கடினமான சோதனை ஒன்றையும் எதிர்கொள்ள நேர்ந்தது. அவரது வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலில் ஏலம் போகும் மீன், வெயில் ஏறுவதற்குள் எம்.கே.பி. நகர் வீட்டு வாசல்களுக்கு வந்துவிடுகிறது. கூடையை இறக்கிவைத்துப் பெரிய மீனொன்றை அரியும் பெண்ணின் கை, ஓரிடத்தில் மட்டும் நிதானம் கொள்ளும். வயிற்றைக் கீறியதும், ஈரலை ஒட்டிக் கிடக்கும் பச்சை நிறச் சிறு பையை உடையாமல் எடுத்தெறிந்த பிறகே அவர் மற்ற வேலையைத் தொடர்வார். அப்பை உடைந்தால் மீன் கசந்துவிடும். குழம்பை வாயில் வைக்க இயலாது. சற்றுத் தொலைவில், புளியந்தோப்பை அடுத்த ஆட்டுத்தொட்டியிலும் ஈரலைப் பிரிப்போர் இதே கவனத்தோடுதான் பித்தப்பையை அகற்றுகின்றனர்.

வேண்டாப் பொருளென்று நாம் எறிகின்ற அக்கசப்பை நம் மருத்துவ மரபு முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்லுக்குக் கோரோசனை என்று பெயரிட்டு, அதனை மருந்துச் சரக்காகப் போற்றியது. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் சமநிலையே உடல்நலம் எனக் கொண்ட சித்த மருத்துவம், பித்தத்தைச் செரிமானத்தோடும் உடற்சூட்டோடும் இணைத்துப் பார்த்தது. பித்தம் என்னும் மருத்துவக் கோட்பாடும் பித்தநீர் என்னும் பொருளும் ஒன்றல்ல எனினும், கசப்புக்கும் செரிமானத்துக்கும் தொடர்புண்டு என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

ஆயினும் அந்நீரில் இருப்பது என்ன? அது எதிலிருந்து பிறக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளைச் செலவிட்டவர் செருமானிய நாட்டு அறிஞர் ஹைன்ரிஷ் வீலாண்ட்.

பொன் புடமிட்ட ஊர்

வீலாண்ட் 1877 ஆம் ஆண்டு சூன் 4 ஆம் நாள், தென்மேற்குச் செருமனியிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். நகைத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. தந்தை தியோடர் வீலாண்ட் வேதியியல் கற்றவர். பொன்னையும் வெள்ளியையும் தூய்மை செய்யும் ஆலையை நடத்திவந்தார். கலப்படத்தை அமிலத்தால் நீக்கி மாற்றுக் குறையாத பொன்னைப் பெறுவது அவ்வீட்டின் அன்றாடத் தொழில். அச்சூழலில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் மாட்டின் பித்தநீரிலிருந்து தூய படிகங்களைப் பிரித்தெடுத்ததில் வியப்பில்லை.

மியூனிக், பெர்லின், ஸ்டுட்கார்ட் ஆகிய நகரங்களில் கல்வி பயின்ற அவர், 1901 இல் மியூனிக்கில் யோகன்னஸ் தீலே என்னும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றார். 1908 இல் ஜோசஃபின் பார்ட்மன் என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஆண்மக்கள் மூவர், மகள் ஒருவர். மக்கள் அனைவரும் ஏதேனும் ஒரு வகையில் மருத்துவத்தோடோ வேதியியலோடோ தொடர்புடையவராயினர். மகள் ஈவா மணந்த இளைஞரைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

வீலாண்டின் தொடக்கக்கால ஆய்வுகள் நைட்ரஜன் சேர்மங்களைப் பற்றியவை. அவற்றிலேயே அவர் புகழ்பெற்றிருக்கக்கூடும். ஆனால் 1912 இல் அவர் வேறொரு பாதையில் அடியெடுத்து வைத்தார். அவ்வாண்டில்தான் பித்த அமிலங்களைப் பற்றிய அவரது முதல் ஆய்வுகள் வெளிவந்தன.

பூட்டிய வீடு

பித்தப்பையில் தோன்றும் கற்களில் மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் ஒன்று இருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல் 1816 இல் அதற்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயர் சூட்டினார். பித்தம் என்பதையும் திண்மம் என்பதையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கையே பின்னர்க் கொலஸ்ட்ரால் என வழங்கலாயிற்று. இன்று குருதிச் சோதனைத் தாளில் நாம் காணும் அப்பெயருக்குள் பித்தம் ஒளிந்திருப்பதைப் பலர் அறியார்.

அக்கொலஸ்ட்ராலை வீலாண்டின் சமகாலத்தவரான அடால்ஃப் விண்டவுஸ் ஆராய்ந்துவந்தார். தடித்துச் சுருங்கிய நாடிச்சுவர்களில் கொலஸ்ட்ரால் இயல்பைவிடப் பன்மடங்கு சேர்ந்திருப்பதை 1910 இல் அவர் வெளிப்படுத்தினார். எனவே ஒரே காலத்தில் ஒருவர் கொலஸ்ட்ராலையும் மற்றொருவர் பித்த அமிலத்தையும் எடுத்துக்கொண்டு தனித்தனியே உழைத்தனர். தாம் தோண்டுவது ஒரே சுரங்கத்தின் இரு முனைகள் என்று தொடக்கத்தில் எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை.

அக்காலத்தில் ஒரு மூலக்கூறின் வடிவத்தை அறிவது எத்தகைய உழைப்பு என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்ப்பது கடினம். மூலக்கூறைப் படம்பிடித்துக் காட்டும் கருவிகள் அன்று இல்லை. பூட்டிய வீட்டின் உள்ளமைப்பை அறிய, அதன் சுவரைச் செங்கல் செங்கல்லாகப் பெயர்த்து, விழுந்த கற்களை அடுக்கிப் பார்த்து, அறைகள் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பதைப் போன்றது அவ்வேலை. பித்த அமிலமோ எளிதில் உடையாத வீடு. வன்மையான ஆக்சிஜனேற்றிகளைக் கொண்டு ஒவ்வொரு வளையமாகத் திறக்க வேண்டும். கிடைத்த துண்டைப் படிகமாக்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். மீண்டும் திறக்க வேண்டும். ஒரு துண்டின் இயல்பை அறிய மாதங்கள் கழியும். மூலப்பொருளான மாட்டுப் பித்தநீரோ வேண்டிய அளவு கிடைத்தது.

இவ்வுழைப்பின் முதற்பயன்களில் ஒன்று 1916 இல் கிடைத்தது. கோலெயிக் அமிலம் என்று அறியப்பட்டிருந்த பொருள் தனியொரு சேர்மமன்று. டீஆக்சிகோலிக் அமிலம் என்னும் பித்த அமிலம், கொழுப்பு அமிலத்தைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் கூட்டமைப்பே அது என வீலாண்டும் அவருடைய மாணவரும் நிறுவினர். சிறியதாகத் தோன்றும் இக்கண்டுபிடிப்பு, உடலின் பெரிய வினா ஒன்றுக்கு விடை தந்தது. எண்ணெயும் நீரும் கலவாதவை. நாம் உண்ணும் நெய்யும் மீன்கொழுப்பும் நீர்மயமான குடலுக்குள் எவ்வாறு கரைகின்றன? எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையைச் சீயக்காய் தூய்மை செய்வதை ஒத்தது அச்செயல். பித்த அமிலத்தின் ஒரு பக்கம் நீரை விரும்பும். மறுபக்கம் கொழுப்பை விரும்பும். இரண்டுக்கும் இடையே நின்று, கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக அது பிரிக்கிறது. அத்துளிகளின் மீதே கணையநீரின் நொதி தன் வேலையைச் செய்கிறது.

ஒரு கறை

முதல் உலகப்போர் மூண்டபோது அறிவியலும் படைக்கலமாயிற்று. 1917 முதல் 1918 வரை வீலாண்ட், பெர்லினை அடுத்த டாலெம் என்னுமிடத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் நடத்திய நிறுவனத்தில் பணியாற்றினார். போரில் வீசப்படும் நச்சுப்பொருள்களைப் பற்றிய ஆய்வு அங்கு நடைபெற்றது. அதில் அவருக்கும் பங்குண்டு. நாட்டின் அழைப்பு என்று அதனைக் கடந்துபோவோர் உளர். எனினும் பெரியோர் வாழ்வை எழுதும்போது ஒளியை மட்டும் எழுதுவது முறையன்று. உயிர்ப்பொருளின் வேதியியலைத் தேடிய கை, இரண்டாண்டுகள் உயிர்போக்கும் வேதியியலுக்கும் உதவியது என்பது வரலாறு.

மூன்று கார்பன்

போர் முடிந்த மறு ஆண்டில், இரு சுரங்கங்களும் சந்தித்தன. வீலாண்ட் ஏற்கெனவே 1912 இல், பித்த அமிலத்திலிருந்து ஆக்சிஜன் தொகுதிகளை நீக்கிக் கோலானிக் அமிலம் என்னும் எளிய வடிவத்தைப் பெற்றிருந்தார். அதில் இருபத்து நான்கு கார்பன் அணுக்கள் உண்டு. கொலஸ்ட்ராலில் இருபத்து ஏழு. விண்டவுஸ் 1919 இல் கொலஸ்ட்ராலை ஹைட்ரஜனோடு சேர்த்து, பின்னர் ஆக்சிஜனேற்றம் செய்தபோது, மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட வால்நுனி அறுந்துபோயிற்று. எஞ்சி நின்றது, வீலாண்டின் கோலானிக் அமிலமேதான்.

ஒருவர் குடுவையிலிருந்து வந்த பொருளும் மற்றவர் குடுவையிலிருந்து வந்த பொருளும் ஒன்றாயிருந்ததால், கொலஸ்ட்ராலும் பித்த அமிலமும் ஒரே எலும்புக்கூட்டின் மீது அமைந்தவை என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று. அதன்பின் ஒருவர் கண்டது மற்றவருக்கும் பயன்பட்டது. போட்டிக்கு எல்லா வாய்ப்பும் இருந்த இடத்தில் இருவரும் ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்து முன்னேறினர். அறிவியல் வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வதன்று.

வீலாண்ட் 1921 இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1925 இல் மியூனிக் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அப்பதவி வெறுமையானதற்கு ஒரு காரணம் உண்டு. பச்சையத்தின் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு வில்ஸ்டேட்டர் அவ்விடத்தில் இருந்தார். அவர் யூதர். பேராசிரியர் நியமனங்களில் யூத வெறுப்பு தலையிடுவதைக் கண்டு மனம்வெதும்பி, 1924 இல் அவர் தாமே பதவி துறந்தார். இட்லர் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்தது இது. அந்நாற்காலியில் அமர்ந்த வீலாண்டுக்கு, தம் முன்னவர் ஏன் எழுந்து சென்றார் என்பது தெரிந்தே இருந்தது.

வேதியியலுக்கான 1927 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவ்வாண்டு வழங்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது வீலாண்டுக்கும், 1928 ஆம் ஆண்டின் பரிசு விண்டவுசுக்கும் அறிவிக்கப்பட்டன. இருவரும் ஒரே விழாவில் பரிசு பெற்றனர்.

பரிசு பெற்ற பிழை

பரிசு பெற்றபோது உலகுக்கு அவர்கள் அளித்த வடிவம் பிழையானது. கொலஸ்ட்ராலிலும் பித்த அமிலத்திலும் நான்கு வளையங்கள் இருப்பதை அவர்கள் சரியாகவே கண்டனர். ஆனால் அவ்வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறை தவறாக வரையப்பட்டிருந்தது.

அப்பிழையை வெளிக்கொணர்ந்தது வேறொரு துறை. இங்கிலாந்தில் ஜே.டி. பெர்னால் என்னும் இளம் இயற்பியல் அறிஞர், கொலஸ்ட்ராலின் உறவுப் பொருள்களின் படிகங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்தி 1932 இல் அளந்தார். வீலாண்ட் வரைந்த மூலக்கூறு தடித்தது. பெர்னால் அளந்ததோ நீண்டு, மெலிந்து, தட்டையாக இருந்தது. அதே ஆண்டில் ரோசன்ஹைம், கிங் என்னும் இருவர் புதிய வடிவம் ஒன்றை முன்மொழிந்தனர்.

இருபது ஆண்டு உழைப்பும் உலகின் உயர்ந்த பரிசும் ஒரு பக்கம். பிறர் அளந்த சில எண்கள் மறுபக்கம். ஐம்பத்தைந்து அகவையான பேராசிரியர் தம் பெயரைக் காக்க வாதிட்டிருக்கலாம். வீலாண்ட் தம் குறிப்பேடுகளை மீண்டும் திறந்தார். தாம் முன்பு பெயர்த்தெடுத்த துண்டுகளையெல்லாம் புதிய வடிவத்தோடு ஒப்பிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள், உடன் பணியாற்றிய எலிசபெத் டேன் என்னும் பெண் அறிஞரோடு சேர்ந்து, திருத்திய வடிவத்தை வெளியிட்டார். ஆறு பக்க வளையங்கள் மூன்றும் ஐந்து பக்க வளையம் ஒன்றும் கொண்ட அவ்வடிவமே இன்று நம் பாடநூல்களில் உள்ளது. அவர் பெற்ற துண்டுகள் மெய்யாயிருந்தன. அவற்றை அடுக்கிய விதம் மட்டுமே பிழை. ஆகவேதான் திருத்தம் அத்துணை விரைவில் இயன்றது.

வண்ணத்துப்பூச்சியும் சென்னையும்

வீலாண்டின் ஆர்வம் பித்தநீரோடு நிற்கவில்லை. உயிரணுக்களில் ஆக்சிஜனேற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பற்றிய அவரது கொள்கை, ஹைட்ரஜன் நீக்கமே அதன் அடிப்படை என்றது. ஓட்டோ வார்பர்க் அதனை மறுத்தார். இருவர் கூற்றிலும் உண்மையின் பாதி இருந்தது பின்னர்த் தெளிவாயிற்று. தேரையின் நஞ்சு, காளானின் நஞ்சு ஆகியவற்றையும் அவர் ஆராய்ந்தார்.

வண்ணத்துப்பூச்சிகளின் இறகு நிறமும் அவரை ஈர்த்தது. மாணவர் கிளெமன்ஸ் ஷோப்ஃப் என்பவரோடு 1925 இல் தொடங்கிய அவ்வாய்வுக்கு ஆயிரக்கணக்கான பூச்சிகளின் இறகுகள் தேவைப்பட்டன. மஞ்சளும் வெண்மையுமான அந்நிறமிகளுக்கு, இறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து டெரின்கள் என்று பெயர் வந்தது. அழகை ஆராயும் இவ்வேலையால் யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் விடை இராது. 1940 இல் வீலாண்டின் ஆய்வுக்கூடத்தில் அந்நிறமிகளின் வடிவம் தெளிவானது. சில ஆண்டுகளில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக்குழு, ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துச் செயற்கையாகவும் உருவாக்கியது. அவ்வுயிர்ச்சத்தின் ஒரு பகுதி, வண்ணத்துப்பூச்சியின் இறகிலிருந்த அதே வளைய அமைப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரப்படும் மாத்திரையில் இருப்பது அதுவே.

பேராசிரியரின் விருந்தினர்

1933 இல் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். யூதப் பேராசிரியர்கள் பணியிழந்தனர். 1935 இல் வந்த நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. தாத்தா பாட்டியரின் பிறப்பைக் கணக்கிட்டு மனிதரை வகைப்படுத்தின. காலப்போக்கில், பெற்றோருள் ஒருவர் யூதராயிருந்தாலும் பல்கலைக்கழகக் கதவு அடைக்கப்பட்டது. பெரும்பாலான கல்விக்கூடங்கள் ஆணைக்குப் பணிந்தன.

வீலாண்டின் ஆய்வுக்கூடத்தில் மட்டும் சிலருடைய பெயர் பதிவேட்டில் இராது. ஆனால் அவர்கள் நாள்தோறும் மேசையில் நின்று வேலை செய்தனர். பேராசிரியரின் விருந்தினர் என்னும் பெயரில் அவர்கள் அங்கு இருந்தனர். விருந்தினரை வரவேற்பது வீட்டுக்குரியவரின் உரிமை. அதற்கு அரசின் ஒப்புதல் எதற்கு என்பதே அப்பெயருக்குள் இருந்த வாதம். அவ்வாறு அடைக்கலம் பெற்றவருள் ஹில்டகார்ட் ஹாம் புரூஷரும் ஒருவர். யூதப் பாட்டியின் பேத்தியான அவர் 1945 இல் வீலாண்டிடம் முனைவர் பட்டம் பெற்றார். போருக்குப் பின் செருமானிய அரசியலில் மதிப்புமிக்க தலைவராக விளங்கினார்.

விருந்தினருள் இன்னொருவர் ஹான்ஸ் லைப்பெல்ட். போர்முனையில் வீரப்பதக்கம் பெற்றவர். தாய் யூத வழியினர் என்பதால் 1940 இல் படையிலிருந்து நீக்கப்பட்டார். வேதியியல் கற்க வந்த அவரை வேறிடங்கள் ஏற்காத நிலையில் வீலாண்ட் ஏற்றார். 1943 பிப்ரவரியில் மியூனிக் பல்கலைக்கழகத்தில், வெள்ளை ரோசா என்னும் குழுவைச் சேர்ந்த ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்னும் உடன்பிறப்புகள் ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பினர். பிடிபட்ட நான்காம் நாளே அவர்கள் கொல்லப்பட்டனர். அவர்தம் கடைசித் துண்டறிக்கை லைப்பெல்ட்டின் கைக்கு வந்தது. அவரும் உடன்பயின்ற மேரி லூயிஸ் யானும் அதனைத் தட்டச்சில் படியெடுத்துப் பரப்பினர். அக்குழுவைச் சேர்ந்த பேராசிரியர் குர்ட் ஹூபரும் கொல்லப்பட்டபின், ஆதரவின்றி நின்ற அவர் குடும்பத்துக்காகப் பணம் திரட்டினர். ஷோல் உடன்பிறப்புகளும், ஹூபரும், வீலாண்டின் வேதியியல் மாணவர்களும் ஒரே பல்கலைக்கழகத்தினர்.

அக்டோபரில் லைப்பெல்ட் கைதானார். அவருடைய தாயும் சிறையில் உயிர்துறந்தார். அவரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

விசாரணை 1944 அக்டோபர் 13 அன்று, மியூனிக்கிற்கு வடமேற்கேயுள்ள டோனாவொர்த் என்னும் சிற்றூரில் மக்கள் நீதிமன்றத்தின் முன் நடந்தது. நீதி என்னும் பெயர் மட்டுமே அம்மன்றத்துக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்க்காகப் பேசுவோரும் ஐயத்துக்கு உள்ளாகும் காலம் அது. அறுபத்தேழு அகவையான வீலாண்ட் அங்குச் சென்று, தம் மாணவர்க்காகச் சாட்சி கூறினார். சட்டத்துக்குப் புறம்பாக அம்மாணவரைத் தம் கூடத்தில் வைத்திருந்தவர் தாமே என்பதும் அவையறிந்ததே. அவரது சாட்சியம் லைப்பெல்ட்டைக் காக்கவில்லை. 1945 சனவரி 29 அன்று, போர் முடியச் சற்றேறக்குறைய மூன்று திங்களே எஞ்சியிருந்தபோது, மியூனிக்கின் ஸ்டாடல்ஹைம் சிறையில் அவர் கொல்லப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற மேரி லூயிஸ் யான் விடுதலைக்குப் பின் மருத்துவரானார்.

கடலுக்கு அப்பால் ஒரு சோதனை

துண்டறிக்கைகள் பரவிய அதே 1943 ஆம் ஆண்டில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மற்றொரு நிகழ்வு. கொன்ராட் பிளாக் என்னும் இளைஞர் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். யூதர் என்பதால் 1934 இல் செருமனியை விட்டு நீங்கியவர். அவர் பெர்க், ரிட்டன்பர்க் ஆகியோருடன் சேர்ந்து, சாதாரண ஹைட்ரஜனுக்கு மாற்றாகக் கன ஹைட்ரஜனைப் பொருத்திய கொலஸ்ட்ராலை ஒரு நாயின் உடலில் செலுத்தினார். கன ஹைட்ரஜன் அடையாளக் குறி போன்றது. எங்குச் சென்றாலும் கண்டுகொள்ளலாம். பின்னர் அந்நாயிடமிருந்து பெற்ற கோலிக் அமிலத்தில் அக்குறி காணப்பட்டது.

1919 இல் குடுவையில் நிறுவப்பட்ட உறவு, உயிருள்ள உடலிலும் மெய்யென உறுதியாயிற்று. கொலஸ்ட்ராலின் நான்கு வளையங்களை உடைத்து எரித்து ஆற்றலாக்கும் திறன் நம் உடலுக்கு இல்லை. மாவுப்பொருளைப் போல அதனைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிட இயலாது. கல்லீரல் செய்வது வேறு. முதலில் ஒரு நொதி, வளைய அமைப்பின் ஏழாம் இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி ஒன்றைப் பொருத்துகிறது. மாற்றத்தின் வேகம் பெரும்பாலும் இப்படியில்தான் கட்டுப்படுகிறது. தொடர்ந்து வேறு நொதிகள் வேலை செய்ய, வால்நுனியிலிருந்து மூன்று கார்பன் அணுக்கள் அறுபடுகின்றன. விண்டவுஸ் தம் குடுவையில் அறுத்த அதே மூன்று கார்பன். இறுதியில் கிளைசின் அல்லது டாரின் இணைக்கப்படுகிறது. டாரின் என்னும் பெயரும் காளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. 1827 இல் அது முதன்முதலாகக் கிடைத்தது மாட்டுப் பித்தநீரிலிருந்து.

இவ்வாறு உருவான பித்த அமிலம் பித்தப்பையில் தேங்கி, கொழுப்புள்ள உணவு வந்ததும் முன்சிறுகுடலில் பாய்கிறது. பணி முடிந்தபின் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு, குருதி வழியே மீண்டும் கல்லீரலை அடைகிறது. ஒரே நாளில் பல முறை இச்சுழற்சி நிகழும். எஞ்சிய சிறுபங்கு மலத்தோடு வெளியேறுகிறது. அதனை ஈடுசெய்ய நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை கிராம் கொலஸ்ட்ராலைக் கல்லீரல் புதிதாக மாற்றுகிறது. உடலிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறும் முதன்மை வழி பித்தநீரே. உணவிலுள்ள கரையும் நார்ச்சத்து, பித்த அமிலத்தில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. கல்லீரல் அக்குறையை நிரப்பக் குருதியிலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. இதே வழியில் செயற்படும் மருந்துகளும் உள்ளன.

பிற்காலம்

போருக்குப் பின் வீலாண்ட் மியூனிக்கில் கற்பித்தலைத் தொடர்ந்தார். 1955 இல் ஓட்டோ ஹான் பெயரில் முதன்முதலாக வழங்கப்பட்ட பரிசு, இட்லர் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த இயற்பியல் அறிஞர் லீஸ் மைட்னருக்கும் அவருக்கும் அளிக்கப்பட்டது. 1957 ஆகஸ்ட் 5 அன்று, எண்பதாம் அகவையில் அவர் மறைந்தார்.

மகள் ஈவாவை மணந்தவர் ஃபியோடர் லினன். வீலாண்டிடமே முனைவர் பட்டம் பெற்ற மாணவர் அவர். மாமனார் பித்த அமிலத்தின் வடிவத்தைத் தேடினார். மருமகனோ, இரண்டு கார்பன் கொண்ட சிறு துண்டுகளிலிருந்து உடல் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் எவ்வாறு கட்டுகிறது என்று தேடினார். அதே வினாவை அமெரிக்காவில் கொன்ராட் பிளாக் தேடிக்கொண்டிருந்தார். 1964 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மியூனிக்கிலேயே தங்கிய ஒருவரும், அந்நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட மற்றொருவரும் அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஒரே மேடையில் நின்றனர்.